பதிவு செய்த நம்பர் என்னுடையது

அம்மாவின் காரியம் முடிந்து கடைசிப் பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பிளாக் ஆன்ட்டி கை கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, நாங்களும் வர்ற மாசம் பையன்கிட்ட போறோம். கனடா. இந்த இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியில எடுத்தா நல்லது? உங்களுக்கு எல்லாம் ஒழுங்காப் பண்ணிக் குடுத்தாங்களாமே?"

"ஆமா ஆன்ட்டி, ரொம்ப ஒழுங்கு," என்றேன். "பெட்டி நல்ல பெட்டி. ஒரு கீறல் கூட இல்ல."

அவள் முகம் சுருங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பா தூரத்திலிருந்து முறைத்தார். முறைக்கட்டும்.

அதற்குப் பிறகும் நாலைந்து பேர் அதையே கேட்டுவிட்டார்கள். தில்லி சரோஜினி நகரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். எல்லோருக்கும் பேரன் பேத்தி பார்க்கப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தமிழ் இது. தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் அந்த மார்க்கெட்டிலேயே ஒரு குர்த்திக் கடையில் வேலை பார்க்கிறேன். அக்கா நன்றாகப் படித்தவள். அவளும் அத்தானும் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா வந்துதான் பார்க்க வேண்டும் என்றாள். போனில் அழுதாள். அக்கா அழுதால் எங்கள் வீட்டில் பெட்டி கட்டிவிடுவார்கள்.

மூன்று பேரும் போவதாகத்தான் பேச்சு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காபித்தூளும் விற்கிற கடைக்கு மேலே ஒரு டிராவல் ஏஜென்ட் இருக்கிறார். நம் ஆள்தான். அவரிடம் போனோம். அந்த நாட்டு விசாவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம் என்றார். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அரசாங்க டிஸ்பென்சரி, அதன் வரிசை, அதன் அட்டை. அட்டையை நீட்டினால் மருந்து வரும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார்.

"ஃபேமிலி பாலிசி சார். மூணு பேரையும் ஒரே பேப்பர்ல போட்டுடலாம். விசாவுக்கு அது போதும்," என்றார் ஏஜென்ட்.

"இவளுக்கு பி.பி. மாத்திரை உண்டு. அதை எழுதணுமா?"

"கட்டாயம் எழுதுங்க சார். மறைச்சா பின்னாடி தொல்லை."

அப்பா எழுதினார். மாத்திரையின் பெயரைக் கூட எழுதினார். அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது வேறு.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "பிள்ள பெறப் போறது அவ. எனக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரிக் காயிதம்?"

"எல்லாருக்கும் வேணும்மா," என்று ஏஜென்ட் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆஸ்பத்திரிச் செலவு இதுல வந்துடும். பல்லு வலி வந்தாக் கூட உண்டு. பெட்டி தொலைஞ்சா உண்டு. அப்புறம் இது, நோயாளியை அங்கேர்ந்து நம்ம ஊருக்குக் கொண்டு வர்றது. ஒருவேளை ஏதாவது ஆயிடுச்சுன்னா உடம்பை..."

அப்பா கையை நீட்டி அந்தப் பக்கத்தை மூடினார். "அது வேண்டாம். கெளம்புத நேரத்துல எதுக்கு அந்தப் பேச்சு? அடுத்ததைச் சொல்லுங்க."

"மன்னிச்சுக்கங்க சார்," என்று ஏஜென்ட் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கம் திரும்பியது. உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், யார் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆகாத பக்கம். அதனால் யாரும் படிக்கவில்லை. பணம் கட்டி வாங்கிய காகிதத்தில் தேவையான ஒரே பக்கத்தைச் சகுனம் பார்த்துத் தாண்டியவர்கள் நாங்கள்.

"மொபைல் நம்பர்?" என்று ஏஜென்ட் கேட்டபோது அப்பா, அம்மா இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். காஸ், கரண்ட், பேங்க், அப்பாவின் பென்ஷன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். ஓ.டி.பி. எல்லாம் எனக்கு வரும், நான் படித்துச் சொல்வேன். அத்தான் என்னை "ஓ.டி.பி. ஆபீசர்" என்றுதான் கூப்பிடுவார். படிக்காத மச்சினிக்கு ஒரு உத்தியோகம் கொடுத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"இமெயில்?"

எங்கள் யாருக்கும் இல்லை. "பரவாயில்ல, என்னோடதைப் போட்டுக்கறேன். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது," என்றார் ஏஜென்ட்.

அப்பா அம்மாவுக்கு விசா வந்தது. எனக்கு வரவில்லை. போனால் திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லையாம். படித்தவர்கள் போய் அங்கேயே வீடு வாங்கலாம். குர்த்தி விற்கிறவள் பத்து நாள் போனால் சந்தேகம். பாலிசியில் மட்டும் என் பெயர் அப்படியே இருந்தது. "இருக்கட்டும்மா, அதனால ஒண்ணும் இல்ல," என்றார் ஏஜென்ட்.

குழந்தை பிறந்தது. பெண். அம்மா தினமும் வீடியோவில் வருவாள். குழந்தையைக் காட்டுவாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க ஒரே குளிரு. சோறு வடிச்சா நிமிசத்துல ஆறிப் போவுது. உங்க அக்கா கஞ்சித் தண்ணியைக் கீழ ஊத்துதா" என்று புகார் சொல்வாள். எனக்கு அந்தப் புகார்கள் பிடிக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அக்காவைப் பற்றிப் பேசுவதில் ஒரு தனிச் சுகம்.

ஒரு நாள் அம்மா வரவில்லை. "அம்மா தூங்குதா" என்றாள் அக்கா. மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். அதற்கு மறுநாள் தொண்டை கட்டிவிட்டது, பேச முடியவில்லை. ஆனால் அக்கா அனுப்புகிற வீடியோ வந்துகொண்டே இருந்தது. அம்மா காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்ப்பது, அம்மா தாலாட்டுவது, குழந்தைக்கு மஞ்சள் குல்லாய் மாட்டுவது. நான் கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

"என்னக்கா, அதே மஞ்சக் குல்லாவே போட்டுருக்கு, மாத்தவே மாட்டியா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அதுக்கு அதான் பிடிச்சிருக்குட்டி," என்றாள்.

பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தைக்குக் குல்லாய் பிடித்திருக்கிறதாம். நான் நம்பினேன். சொந்த அக்கா சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஒரு மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் இந்தியில் பேசினாள். டிராவல் இன்சூரன்ஸ் உதவி மையம் என்றாள்.

"மேடம், உங்க அம்மா ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகியிருக்காங்க. அவங்க பிறந்த தேதியும் பாஸ்போர்ட் நம்பரும் சொல்லி உறுதிப்படுத்தணும்."

தில்லியில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு போன் வரும். பையன் போலீஸ் கையில் மாட்டிக்கொண்டான் என்பார்கள், பார்சலில் ஏதோ இருக்கிறது என்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் இப்படித்தான் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வீட்டை விட்டு வெளியே வராமல் கிடக்கிறார். போனில் எவன் கேட்டாலும் தேதி சொல்லாதே, நம்பர் சொல்லாதே என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான்.

"எங்க அம்மாவா? காலையில பேத்தியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாங்க. வீடியோ இருக்கு. அனுப்பட்டுமா?"

"மேடம், அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் எங்களுக்குத் தகவல்..."

"அரே பெஹன்ஜி, வேற ஆளைப் பாரு. வெக்கமா இல்ல? ஒருத்தரோட அம்மாவை வச்சா பிழைப்பு நடத்தறது?"

"அப்போ உங்க குடும்பத்துல யாரும் ஆஸ்பத்திரியில இல்லைன்னு பதிவு பண்ணிக்கலாமா?"

"பண்ணிக்கோ. கொட்டை எழுத்துல பண்ணிக்கோ."

வைத்துவிட்டேன். திரும்பவும் அடித்தாள். எடுத்து, சரோஜினி நகரில் கற்றுக்கொண்ட இந்தி முழுவதையும் அவள் மேல் கொட்டினேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "ஷாபாஷ்" என்றார் முதலாளி. எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். இன்று ஒரு திருட்டுக் கழுதை போன் பண்ணியது, இன்சூரன்ஸாம், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள் என்று. சிரிக்கிற பொம்மைகளும் போட்டேன்.

அக்கா உடனே பார்த்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுத ஆரம்பித்தாள், நிறுத்தினாள். மறுபடி எழுதினாள், நிறுத்தினாள். கடைசியில் வந்தது:

"நல்ல காரியம் பண்ணின. அந்த நம்பரை பிளாக் பண்ணிரு."

பண்ணினேன்.

அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. குர்த்தி விற்றேன். ரீல்ஸ் பார்த்தேன். தனியாக இருக்கிறோமே என்று தினமும் பன்னீர் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு ஒரு காலையில் அப்பா கூப்பிட்டார். அத்தானுடைய போனிலிருந்து.

"யம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைப் பாத்து அத்தான்ட்ட சொல்லிரு."

"எதுக்குப்பா?"

பின்னால் யாரோ வேறு பாஷையில் பேசுகிற சத்தம், சக்கரம் உருளுகிற சத்தம்.

"அப்பா, எதுக்கு?"

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல."

"எப்பருந்து?"

"கொஞ்ச நாளாவே."

"கொஞ்ச நாள்னா?"

அப்பா அழ ஆரம்பித்துவிட்டார். அத்தான் போனை வாங்கினார். காய்ச்சல், பிறகு நெஞ்சில் சளி, பிறகு இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது, மூச்சுக்குக் குழாய் போடுகிற வரைக்கும் போய்விட்டது, இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள், தேறிவிட்டாள். எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அந்த மஞ்சள் குல்லாய் வீடியோ எல்லாம் முன்னாடியே எடுத்து வைத்தது. அம்மா இந்தியாவுக்குப் போக வேண்டும் என்கிறாள். டாக்டரும் இப்போது போனால் போகலாம், கூட நர்ஸும் ஆக்ஸிஜனும் வேண்டும் என்கிறார். அதை இன்சூரன்ஸ்தான் ஏற்பாடு செய்யும். ஆனால் அவர்கள் கேஸை மூடி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த நம்பரிலிருந்து பேசினால்தான் திறப்பார்களாம்.

அதாவது, எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. ஓ.டி.பி. வேண்டும் என்று சொன்னார்கள்.

"என்ட்ட ஏன் சொல்லல?"

"நீ அங்க தனியா இருக்க. பதறிப் போவ. வந்து பாக்க விசாவும் கெடையாது. அதான் நாங்க எல்லாருமாப் பேசி..."

"யாரு எல்லாரும்?"

எல்லாரும் என்றால் எல்லாரும்தான். சென்னையில் சித்தப்பாவுக்குத் தெரியும். திருநெல்வேலியில் அத்தைக்குத் தெரியும். என்னோடு தினமும் பேசிய அத்தை. எங்கள் குடும்பத்தில் நல்ல செய்தி சொல்வதற்கு ஆள் தேட வேண்டும். கெட்ட செய்தியை மறைப்பதற்கு மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக நிற்பார்கள். தாத்தா இறந்ததை எனக்குப் பரீட்சை முடிந்த பிறகு சொன்னார்கள். அந்தப் பரீட்சையில் நான் தேறவும் இல்லை.

நான் அந்த நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். வேறு ஒருத்தி எடுத்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரி எங்களுக்குச் சொன்ன மறுநாளே நாங்க பதிவு செஞ்ச நம்பருக்குக் கூப்பிட்டிருக்கோம். அட்மிஷனே இல்லைன்னு குடும்பத்திலேர்ந்து சொல்லியிருக்காங்க. பாலிசியை வேற யாரோ பயன்படுத்தறதா சந்தேகம் வந்ததால மூடிட்டோம்."

"சொன்னது நான்தான். எனக்குத் தெரியாது. என்ட்ட மறைச்சுட்டாங்க."

"யாரு மேடம் மறைச்சாங்க?"

"எங்க வீட்ல."

"ஏன் மேடம்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"ரெண்டு மெயிலும் அனுப்பியிருக்கோம், அதுக்கும் பதில் இல்லையே," என்றாள்.

ஏஜென்டிடம் ஓடினேன். "தினம் நூறு மெயில் வருதும்மா, எதைன்னு பாக்கறது? உங்க வீட்ல ஒரு போன் பண்ணியிருக்கலாமே," என்றார். அவருக்கும் யாரும் சொல்லவில்லைதான். ஆனாலும் அவருடைய மேஜையில் இருந்த சாமி காலண்டரைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். அப்பா கையால் மூடிய பக்கத்தை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். போனில் படம் எடுத்து, தமிழில் மாற்றி, புரியாததை மறுபடி மாற்றிப் படித்தேன். நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் நாமாக டிக்கெட் போட்டுக் கூட்டிவந்தால் அவர்கள் பொறுப்பில்லை. முன்னாடியே அவர்களிடம் சொல்லி, அங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டரும் அவர்களுடைய டாக்டரும் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். விமானக் கம்பெனி தனியாகச் சரி சொல்ல வேண்டும். நோயாளியோடு குடும்பத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாவிட்டால் இங்கிருந்து ஒருவர் போய்ப் பார்க்க டிக்கெட் தருவார்கள். அதையும் கேட்டுப் பார்த்தேன்.

"உங்க அப்பா கூட இருக்காரே மேடம். அப்போ அது வராது."

அப்பா கூட இருந்தார். கூட இருந்து, எல்லோருமாகப் பேசி, எனக்குச் சொல்லாமல் இருந்தார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே பணம் கேட்டு யாரும் அம்மாவுக்கு வைத்தியத்தை நிறுத்தவில்லை. அத்தான் எங்கோ ஒரு கையெழுத்துப் போட்டார், அவர்கள் பாட்டுக்குப் பார்த்தார்கள். ஆகவே இது பணத்தைப் பற்றிய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா உயிரோடு வீட்டுக்கு வர முடியுமா என்பதுதான். தேறியிருந்த அந்தக் கொஞ்ச நாளில் வந்துவிட முடியுமா என்பதுதான்.

வீடியோவில் அம்மாவைக் காட்டச் சொன்னேன். மூக்கில் குழாய், முடியை யாரோ கோணல் வகிடு எடுத்து வாரியிருந்தார்கள். பொட்டு இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏட்டி, மெலிஞ்சு போயிட்ட."

"நான் மெலியல. பன்னீர் தின்னு ஊதிப் போயிருக்கேன். நீதான்."

"இங்க சோத்துல உப்பே இல்லட்டி." மூச்சு வாங்கியது. "எனக்கு வீட்டுக்கு வரணும். நீ ஏர்போர்ட்டுக்கு வந்துரு. ஆட்டோக்காரன் கூடக் கேப்பான், குடுத்துராத."

"வாரேன்ம்மா. நீ வா. நான் வந்து நிக்கேன்."

"உன்ட்ட சொல்லச் சொன்னேன்ட்டி. இவதான் வேண்டான்னுட்டா," என்றாள் அம்மா. பக்கத்தில் அக்காவின் கை வந்து போனைத் திருப்பிக்கொண்டது. "அம்மா ரொம்பப் பேசக் கூடாது" என்றாள்.

அந்த ஒரு வரியை நான் கேட்டேன். அக்கா, நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனோடு சண்டை போட்டேன். என்னுடைய அடையாளம், அப்பாவின் கையெழுத்து, அன்றைக்கு ஏன் இல்லை என்று சொன்னேன் என்பதற்கு ஒரு விளக்கம் எல்லாம் கேட்டார்கள். எழுதினேன். "என் குடும்பத்தினர் என்னிடம் பொய் சொன்னார்கள்." அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்த ஏஜென்ட், "கொஞ்சம் மரியாதையா 'தகவல் தெரியவில்லை'ன்னு போடலாமேம்மா" என்றார்.

"பொய்னு போடுங்க."

"குடும்ப விஷயம்..."

"பொய்னே போடுங்க அங்கிள்."

போட்டார். அவர்களுடைய டாக்டர் அங்கிருக்கிற டாக்டரோடு பேச வேண்டும். இங்கே காலை என்றால் அங்கே இன்னும் விடியவில்லை. அங்கே ஆள் கிடைத்தால் இங்கே ஆபீஸ் நேரம் முடிந்துவிடும். சனி, ஞாயிறு குறுக்கே வந்தது. "பார்க்கிறோம் மேடம், பிராசஸில் இருக்கிறது மேடம்." அந்த 'மேடம்' என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் கேட்க முடிவதில்லை. கடையில் முதலாளி ஒரு கஸ்டமரை அப்படிக் கூப்பிட்டால் கூட உடம்பு எரிகிறது.

கடைசியில் உதவி மையத்துப் பெண் கூப்பிட்டாள். குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "அப்ரூவ் ஆயிடுச்சு மேடம். நர்ஸ் ரெடி. ஃப்ளைட் சீட்டுக்குப் பேசிட்டிருக்கோம்."

நான் வீட்டைக் கூட்டினேன். அம்மாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கினேன். உப்பில்லாத சோறு தின்றவளுக்கு நாக்கு செத்துப் போயிருக்கும்.

ஊறுகாய்ப் பையோடு மாடிப்படி ஏறும்போது அத்தான் கூப்பிட்டார். அம்மாவுக்கு மறுபடியும் மூச்சு முட்டுகிறது, குழாய் போட்டுவிட்டார்கள், டாக்டர் விமானத்தில் ஏற்றக் கூடாது என்கிறார். இந்த முறை எதையும் மறைக்காமல் உடனே சொன்னார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

குழாயை அப்புறம் எடுக்கவே இல்லை.

அதன் பிறகு அந்தக் கம்பெனி வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கம் கேட்கவில்லை. ஒரு ஓ.டி.பி. கேட்கவில்லை. அங்கே பெட்டிக்கு ஆள், தூதரகத்தில் காகிதம், விமானத்தில் இடம் எல்லாம் மளமளவென்று நடந்தது. உயிரோடு இருப்பவரைக் கொண்டுவரத்தான் இரண்டு டாக்டர் சரி சொல்ல வேண்டும். மற்றதற்கு யாரும் சரி சொல்லத் தேவையில்லை. ஆன்ட்டி சொன்னது சரிதான், எல்லாம் ஒழுங்கு.

ஏர்போர்ட்டுக்குப் போய் நின்றேன். அம்மா வரச் சொன்ன வாசலில் இல்லை. சரக்கு இறக்குகிற இடத்தில். அப்பாவும் அக்காவும் அத்தானும் குழந்தைகளோடு வேறு விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா எனக்குத் துணைக்கு வந்திருந்தார். முன்னால் ஏதோ மெஷின் பாகங்களுக்கு நின்றவர்கள் சத்தமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி தள்ளுகிற ஆள் என் கையில் இருந்த சீட்டைப் பார்க்காமலே கேட்டான்.

"என்ன சரக்கு, தீதி?"

"அம்மா," என்றேன்.

அவன் சீட்டைப் பார்த்தான். பிறகு குல்லாயைக் கழற்றிவிட்டு, முன்னால் நின்றவர்களை அதட்டி விலக்கி வழி விட்டான். அந்த நாட்கள் முழுவதிலும் என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான்.

காரியம் முடிகிற வரைக்கும் நான் அக்காவோடு பேசவில்லை. முடிந்த அன்று சாயங்காலம், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"எத்தன நாளு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்ப? உன் நல்லதுக்குத்தான் சொல்லல. நீ இங்க ஒத்தையில கெடந்து அழுவன்னு."

"நான் அழுதா உனக்கு என்ன? என் கண்ணீரு, என் அம்மா."

"எனக்கும் அம்மாதாண்டி. பச்ச ஒடம்போட நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன். நீ என்ன பண்ணின? போனை எடுத்து இல்லேன்னு சொன்ன. அதானே எல்லாத்துக்கும்..."

நான் போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன். நல்ல காரியம் பண்ணின. அந்த நம்பரை பிளாக் பண்ணிரு.

அவள் படித்தாள். குழந்தை பாலை விட்டுவிட்டு அழுதது. அவள் அதைச் சமாதானப்படுத்தவில்லை.

"உனக்குத் தெரியும்லா? அது நெசமான போன்னு தெரியும்லா?"

"கம்பெனிக்காரங்களா இருக்கும்னு தோணுச்சு. அப்புறம் பேசிக்கலாம்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு... அந்த நேரத்துல அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு."

"அம்மா சொல்லச் சொன்னாளே."

அப்பா வாசல்படியிலிருந்து, "விடுங்க ரெண்டு பேரும். போனவ திரும்பி வரவா போறா?" என்றார்.

வந்திருப்பாள் அப்பா. வருவதாகத்தான் இருந்தாள். கட்டிலைக் கூட ஜன்னல் பக்கம் போட்டிருந்தேன்.

அக்கா ஜெர்மனிக்குத் திரும்பிப் போன அன்று, அவள் சொன்னதையே செய்தேன். அவளுடைய நம்பரை பிளாக் பண்ணினேன். அத்தானுடையதையும்.

போன வாரம் பக்கத்து பிளாக் ஆன்ட்டி கடைக்கே வந்துவிட்டாள். ஒரு குர்த்தியை எடுத்து விரித்துப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, "கோபம் இல்லியேம்மா? பாலிசி எடுத்துட்டோம், சும்மா உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு" என்றாள்.

"எந்த நம்பர் குடுத்தீங்க?"

"பொண்ணு நம்பர்தான். அவதான் இங்க இருக்கா, நொய்டாவுல."

"அங்கிளுக்கோ உங்களுக்கோ முடியாமப் போனா அன்னிக்கே அவகிட்ட சொல்லுவீங்களா?"

ஆன்ட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவளை எதுக்கும்மா பயமுறுத்தணும்? சின்னக் குழந்தைங்களை வச்சுக்கிட்டு வேலைக்கும் போறா. நல்லானப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்ப அந்தப் பாலிசியைக் கிழிச்சுப் போடுங்க ஆன்ட்டி. தண்டம்."

அவள் குர்த்தியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலாளி என்னைத் திட்டினார். விரித்த குர்த்தியை மடித்து வைத்தேன்.

அப்பாவின் பட்டன் போனில் வீடியோ வராது. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நான் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார், ஜன்னல் பக்கம் கிடக்கிற கட்டிலுக்கு.